சாமி வகுப்பில் பிள்ளைகள் தோற்காத விளையாட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். தெருமுனையில் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயில், அதற்கு முன்னால் நாலு தூண் வைத்த சின்ன மண்டபம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே பிள்ளைகளைச் சேர்த்துவைத்துத் தேவாரம், திருப்புகழ் சொல்லிக்கொடுப்பது என் மாமியார் இருபது வருஷமாகச் செய்துவந்த வேலை. முட்டுவலி வந்து அவர் உட்கார்ந்துவிட்டதால் ஆடி மாதத்திலிருந்து அது என் தலையில் விழுந்துவிட்டது. நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவள். பாட்டுக்குரல் கிடையாது. மாமியார் வாயைத் திறந்தால் பிள்ளைகள் கப்சிப். நான் திறந்தால் பின்வரிசையில் சிரிப்பு.

சரி, விளையாட்டாகக் கொண்டுபோவோம் என்று வினாடி வினா வைத்தேன். முருகனுக்கு எத்தனை படைவீடு, நாயன்மார் எத்தனை பேர், இந்த மாதிரி. ஜெயித்தால் பென்சில் டப்பா. முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். அப்புறம்தான் தெரிந்தது, வாராவாரம் அதே மூன்று பேர்தான் டப்பா வாங்குகிறார்கள். மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். போன வாரம் ஏழு வயதுப் பயல் ஒருத்தன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "அத்த, நான் தோக்கதுக்குத்தான் இங்க வாரனா?" எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தி சாமிப் பெயரில் அந்தாக்ஷரியும் வைத்துப் பார்த்தேன். ஒருவர் 'முருகன்' என்றார். அடுத்தவர் 'ன்' என்ற எழுத்தில் எந்தச் சாமியைச் சொல்வது? கந்தன், வேலன், கண்ணன், சிவன், எல்லாம் ன். இரண்டே நிமிஷத்தில் விளையாட்டு செத்துப்போனது.

பதினேழு பிள்ளைகள், ஐந்து வயதிலிருந்து பதிமூன்று வரை. எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சுண்டலுக்காக வந்து உட்காருவார்கள், அவர்கள் அம்மாவுக்கும் தெரியும். ஆறு வயதுக்காரி ஒருத்தி மூன்றாவது தூணில் சாய்ந்தால் சாய்ந்ததுதான், இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. மண்டபம் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. கையில் காசு கிடையாது. மார்கழி வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்வாத்தியார்:

அம்மா, முதலில் அந்த அந்தாக்ஷரியைப் பிழைக்க வைத்துவிடுவோம். பெயரைச் சொல்லச் சொல்லாதீர்கள், கூப்பிடச் சொல்லுங்கள். 'முருகன்' இல்லை, 'முருகா'. அடுத்தவருக்கு 'கா' கிடைத்துவிட்டது. காமாட்சி. சிவா. வாமனா. இங்கே 'னா' வரும். அதில் எந்தச் சொல்லும் தொடங்காது, அதனால் னா, ணா இரண்டுக்கும் 'நா' என்று ஒரு சலுகை கொடுத்துவிடுங்கள். நாராயணா. நாகம்மா. மாரியம்மா. மாதவா. வாசுதேவா. நிற்கவே நிற்காது. இலக்கணத்தில் இதற்கு விளி வேற்றுமை என்று பெயர், எட்டாம் வேற்றுமை. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வேண்டாம். கால் மணி நேரம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றால் போதாதா?

அடுத்தது. விளையாட்டை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து பாட்டில் ஒட்டுகிறீர்கள். அது தேவையே இல்லை. திருவாசகத்தின் 51 பகுதிகளில் பல அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு மெட்டிலேயே அமைந்தவை. அம்மானை என்பது காய்களை மேலே எறிந்து பிடிப்பது. பொன்னூசல் என்பது ஊஞ்சல். பூவல்லி பூப்பறிப்பது. உந்தி, தோணோக்கம், தெள்ளேணம் என்று இன்னும் இருக்கின்றன. மாணிக்கவாசகர் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டார் என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன்.

நீங்கள் திருச்சாழலில் ஆரம்பியுங்கள். மொத்தம் 20 பாட்டு. பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரு வரிசை சிவபெருமானைக் கிண்டல் பண்ண வேண்டும், மற்ற வரிசை பதில் சொல்ல வேண்டும். நான் கிண்டல் என்று சொல்வது மிகையில்லை. இரண்டாம் பாட்டில் ஒருத்தி கேட்கிறாள்: எல்லாருக்கும் ஈசன் என்கிறாயே, அவன் தைத்த கோவணம் அல்லவா கட்டியிருக்கிறான், அது என்னடி? எதிர்வரிசை சொல்கிறது: நான்கு வேதத்தையே சரடாக வைத்துக் கட்டிய கோவணம் அது, தெரிந்துகொள். கடைசியில் 'சாழலோ' என்கிறபோது இரண்டு வரிசையும் கைதட்ட வேண்டும். கோவணம் என்ற சொல்லுக்கு உங்கள் பின்வரிசை சிரிக்கும். சிரிக்கட்டும், பாட்டே அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. அடுத்த பாட்டுக்கு வரிசை மாறிக்கொள்ளலாம். இதில் ஜெயித்தவர், தோற்றவர் யாரும் இல்லை.

இந்தப் பாட்டைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. தில்லையில் பௌத்தர்களோடு வாதம் நடந்தபோது, ஈழத்து அரசனின் ஊமை மகளை மாணிக்கவாசகர் முன்னால் நிறுத்தி, அவர்கள் கேட்ட கேள்விகளை அவளிடமே கேட்டாராம். அவள் வாய்திறந்து சொன்ன பதில்கள்தான் சாழல் என்பார்கள். உங்கள் தூண்காரிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

சின்னதுகளுக்குத் திருவுந்தியார். மூன்று அடிப் பாட்டு, 20 பாட்டு. இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் 'உந்தீபற' என்று முடியும். ஒவ்வொரு 'உந்தீபற'வுக்கும் ஒரு குதி. அந்தக் காலத்தில் சரியாக எப்படி ஆடினார்கள் என்பதில் உரைக்காரர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். வில் வளைந்தது, சண்டை மூண்டது, முப்புரம் எரிந்தது என்று கதையும் ஓட்டமாக ஓடும். முழுவதும் பாடினால் நாற்பது குதி. அன்றைக்கு வீட்டில் சீக்கிரம் தூங்குவார்கள்.

வடமராட்சி ஆச்சி:

பிள்ளை, உம்முடைய பதிவைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். வாத்தியார் ஐயா சொன்ன ஊமைப்பிள்ளை எங்கட ஊர்ப் பிள்ளை என்பதை முதலில் பதிந்துவைக்கிறேன்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தேன். இப்போது ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புக்குப் போய் வருகிறேன். எங்களுக்குக் கோயிலில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுவது முக்கியம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், இந்த ஒழுங்கு மாறக்கூடாது. முன்னும் பின்னும் 'திருச்சிற்றம்பலம்'. இந்த ஒழுங்குதான் பிள்ளைகளுக்குத் தடுமாறும். அதற்கு நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்து பிள்ளைகளின் முதுகில் ஐந்து பெயரையும் எழுதிய கடதாசியை ஊசியால் குத்திவிடுவேன். தன் முதுகில் என்ன என்று அதுக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று அதற்குரிய பாட்டின் முதல் வரியை மெல்லப் பாட வேண்டும், பெயரைச் சொல்லக்கூடாது. "பாலுக்குப் பாலகன்" என்று காதில் விழுந்தால், ஓ, நான் திருப்பல்லாண்டு என்று கண்டுபிடித்து நாலாவது இடத்தில் போய் நிற்க வேண்டும். ஐந்து பேரும் வரிசையாக நின்ற பிறகு அதே ஒழுங்கில் ஓதி முடிப்போம். பிழையாக நின்றால் ஒருத்தரையும் வெளியே அனுப்புவதில்லை. மற்றவர்கள் இன்னும் ஒரு வரி பாடுவார்கள், அவ்வளவுதான். பாட்டுத் தெரியாத பிள்ளைக்குக் கூடுதலாகப் பாட்டுக் கேட்கக் கிடைக்கிறது.

இன்னொன்று. கோயிலைச் சுற்றும் கணக்கு: பிள்ளையாருக்கு ஒன்று, சூரியனுக்கு இரண்டு, சிவனுக்கு மூன்று, அம்மனுக்கும் பெருமாளுக்கும் நான்கு. ஆறுமுக நாவலர் சமயத்தைக் கேள்வியும் பதிலுமாகவே எழுதிவைத்தவர், சின்ன வயதில் அந்த வினாவிடையை நாங்கள் பாடமாக்கினோம். பிரம்புக்குப் பயந்து பாடமாக்கியதுதான், பொய் சொல்லக்கூடாது. இப்போது நான் நாலு கதிரையைப் போட்டு ஒவ்வொன்றும் ஒரு சந்நிதி என்று சொல்லிவிடுகிறேன். மணி அடித்துப் பெயரைச் சொன்னால் அந்தக் கதிரையை அத்தனை தரம் வலம் வர வேண்டும்.

வலம் வரும்போது ஓடுவார்களே என்று யோசிப்பீர். நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க்குடத்தோடு நடக்கிற மாதிரி நடக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ஆளுக்கு ஒரு டம்ளரில் விளிம்பு முட்டத் தண்ணீர் கொடுத்துவிடும். கடைசியில் வருகிற பிள்ளைக்குத்தான் கைதட்டு.

கேள்விக்குறி:

சகோதரி, தவறாக நினைக்க வேண்டாம். பக்தி என்ன விளையாட்டுச் சாமானா? நாங்கள் சின்ன வயதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னதைத் திருப்பிச் சொன்னோம். ஐம்பது வருஷம் கழித்தும் மறக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு, டியூஷனிலும் விளையாட்டு, கோயிலிலுமா? சும்மா ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரப் பழக்கினாலே பெரிய காரியம். தவிர, விளக்கு எரிகிற இடத்தில் பாவாடை கட்டின பிள்ளைகளைக் குதிக்கவிடுவது ஆபத்து. அதையாவது யோசியுங்கள்.

ஸ்ரீரங்கத்து மாமி:

விளக்கு விஷயத்தில் இவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. குதிப்பதெல்லாம் மண்டபத்துக்கு வெளியே மண் தரையில் வைத்துக்கொள்ளம்மா. கண்ணை மூடி உட்காருவதும் நல்லதுதான். ஆனால் குதித்துக் களைத்த குழந்தைதான் உட்காரும். இரண்டு குழந்தை, நாலு பேரன் பேத்தி வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விளையாட்டுச் சாமானா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் ஆண்டாள் சொல்லுவாள். நாச்சியார் திருமொழியில் மணல்வீடு கட்டி விளையாடுகிறாள், கண்ணன் வந்து அதைக் கலைக்காதே என்று கெஞ்சுகிறாள். நாலாம் திருமொழியில் கூடல் இழைக்கிறாள். கூடல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு தரையில் ஒரு வட்டம் போடுவது. தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேர்ந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. பாட்டுக்குப் பாட்டு 'கூடிடு கூடலே' என்று முடியும்.

எங்கள் வாசலில் மார்கழிக் கோலம் போட்ட பிறகு மிச்ச மாவை வைத்து இதைத்தான் குழந்தைகள் விளையாடுவார்கள். ஒன்று கண்ணைக் கட்டிக்கொண்டு வட்டம் இழுக்கும், மற்றதெல்லாம் 'கூடிடு கூடலே' என்று பாடிக்கொண்டே இருக்கும். வட்டம் பெரும்பாலும் சேராது. நத்தை மாதிரிச் சுருட்டிக்கொண்டு எங்கேயோ போய் முடியும். நான் வைத்த விதி, சேராமல் விட்ட இடத்தைப் பக்கத்துக் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு இழுத்துச் சேர்த்துவிட வேண்டும். அதில் ஒரு பூசணிப்பூவை வைத்தால் முடிந்தது.

வாத்தியார் சாருக்கு ஒரு சின்னக் குறிப்பு. சாழல் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியில் பாடியிருக்கிறார். ராமன் கல்லும் முள்ளுமான காட்டுவழியில் நடந்தானே என்று ஒருத்தி கேலி பேச, அந்தப் பாதம் தேவர்கள் தலையில் சூடுகிற பூவாக்கும் என்று மற்றவள் சொல்வாள். இரண்டையும் வாரம் மாற்றி வாரம் வைத்தால் சைவ வைஷ்ணவச் சண்டையும் வராது.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் விளையாடுவோம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் ஆத்துப் படம் மாமனார் காலத்தது, நாலாக மடித்த இடமெல்லாம் ஓட்டை. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்க முடியும். ஒரு வருஷம் என் பேத்திக்கு ஒரு மணி நேரம் தாயமே விழவில்லை, ஒரே அழுகை. மறு வருஷத்திலிருந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே காய் என்று வைத்துவிட்டேன். ஆளுக்கு ஒரு முறை உருட்டுவார்கள். பாம்பு கடித்தால் எல்லோருமே கீழே. உடனே எல்லோரும் சேர்ந்து ஒரு திருப்பாவைப் பாசுரம் சொன்னால் பாதிவரை ஏறிக்கொள்ளலாம். திருப்பாவை முப்பதுதான், போன தடவை பாம்பு அதற்கு மேலும் கடித்து, முதல் பாசுரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பரமபதம் போய்ச் சேர விடியற்காலை ஆகிவிட்டது.

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று ஞாயிறு போய்விட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பென்சில் டப்பாவை நிறுத்திவிட்டேன். அந்த மூன்று பேருக்கும் முதல் நாள் முகம் விழுந்துபோனது உண்மை. ஒருத்தி அம்மாவோடு வந்து, "எம்பிள்ள படிச்சிட்டு வந்தது தப்பா?" என்று சண்டைக்கு நின்றாள். சாழலில் கேள்வி வரிசைக்கு அவளைத் தலைவியாக்கினேன், சமாதானம் ஆகிவிட்டது. கோவணத்துக்கு எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலும் 'அது என்னேடீ' என்று கேட்டுக்கொண்டு போகிறார்களாம்.

சாமியைக் கூப்பிடுகிற விளையாட்டு பிரமாதம் ஐயா. அந்த ஏழு வயதுக்காரன் 'மா' வந்ததும் "மாடசாமி" என்று கத்தினான். அவன் வீட்டுக் குலசாமி. பெரிய பிள்ளைகள் செல்லாது என்றார்கள். செல்லும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு இசக்கி, பேச்சி, முண்டன் எல்லாரும் வரிசையாக வந்து இறங்கிவிட்டார்கள்.

தண்ணீர் டம்ளர் நடையை அரசமரத்தைச் சுற்றி வைத்தேன். முக்கால்வாசிப் பேர் பாவாடையும் நிக்கருமாக நனைந்து வந்தார்கள். கடைசியில் வந்தது அந்தத் தூண்காரி. அடிமேல் அடி வைத்து, கண்ணை டம்ளரை விட்டு எடுக்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள். டம்ளரைக் கேட்டால் கொடுக்கவில்லை. திரும்பிப் போய் மரத்து மூட்டில் அவளே ஊற்றினாள். பேச்சு இன்னும் இல்லை.

உங்கள் பதில்களையெல்லாம் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும், பிள்ளையாரைச் சிரிக்கவைக்கது தெரியுமா ஒனக்கு?" என்றார். இருபது வருஷமாக ஒன்றும் சொல்லாத மனுஷி! பெருமாளுடைய சக்கரத்தைப் பிள்ளையார் வாயில் போட்டுக்கொண்டார், பெருமாள் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டதும் சிரித்தார், சக்கரம் கீழே விழுந்தது என்ற கதை இருக்கிறதல்லவா, அதுதான் விளையாட்டு. ஒரு பிள்ளை அட்டையில் வெட்டின சக்கரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் முன்னால் வந்து தோப்புக்கரணம் போட்டே சிரிக்கவைக்க வேண்டும், தொடக்கூடாது, பேசக்கூடாது. யார் பிள்ளையார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம். முதல் சீட்டிலேயே முன்பல் ஆடிக்கொண்டிருந்த பயல் வந்தான். பன்னிரண்டு தோப்புக்கரணம் தாங்கினான். பதிமூன்றாவதில் சிரித்தான், சக்கரம் விழுந்தது, கூடவே பல்லும் விழுந்தது. அவன் அழவில்லை, பல்லைப் பிள்ளையாருக்கே வைத்துவிட்டுப் போகிறேன் என்று அடம்பிடித்தான். கேள்விக்குறி அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். குதிப்பும் கும்மாளமும் வெளியே மண்ணில்தான், விளக்குப் பக்கம் யாரையும் விடுவதில்லை. கடைசி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருகிறார்கள், அதுவும் நடக்கிறது.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். சாழலில் மூன்றாவது பாட்டு, "தாயுமிலி தந்தையிலி தான்தனியன்" என்று வருகிறது. மாடசாமி என்று கத்தினானே, அந்தப் பயலுக்கு அப்பா அம்மா இல்லை, ஆச்சிதான் வளர்க்கிறாள். அவன் முன்னால் இதை எப்படிப் பாடுவது? விட்டுவிட்டு நாலாவதுக்குப் போய்விடவா?

ஓய்வுபெற்ற தமிழ்வாத்தியார்:

விட வேண்டாம் அம்மா. அவனைப் பதில் சொல்கிற வரிசையில் நிறுத்துங்கள். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, தனியன் என்று எதிர்வரிசை கேலி பேசியதும், ஆனாலும் அவன் சினந்தால் உலகமெல்லாம் கற்பொடி என்று பதில் வரும். "காயில் உலகனைத்தும் கற்பொடிகாண் சாழலோ." அந்த அடியை அவன் சத்தமாகச் சொல்லட்டும். அர்த்தத்தை நீங்கள் விளக்க வேண்டாம். அவனாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.